ராஸ்பெரி காத்திருப்பதில்லை: பழம் ஊறிய புளிப்பு பியரை வைத்திருந்து குடிப்பது பற்றி ஒரு நிகழ்வு ஆய்வு

போன மார்ச் மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம், பிரஸ்ஸல்ஸில் எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் மூன்று எவர்சில்வர் டம்ளர்களை வரிசையாக வைத்தேன். மூன்றிலும் ஒரே பியர். லாம்பிக் என்னும் பெல்ஜியப் புளிப்பு பியரில் ராஸ்பெரிப் பழத்தை ஊறவைத்து எடுத்தது. காய்ச்சிய இடமும் முறையும் ஒன்றுதான். பாட்டிலில் அடைத்த ஆண்டு மட்டும் வேறு. ஒன்று அடைத்து எட்டு மாதம், அடுத்தது மூன்று ஆண்டு, கடைசி ஏழு ஆண்டு. கண்ணாடிக் கிளாஸில் ஊற்றியிருந்தால் நிறமே வயதைக் காட்டிக் கொடுத்துவிடும். அதனால்தான் டம்ளர்.

ஊற்றியவன் நான் என்பதால் எது எது என்று எனக்குத் தெரியும். தெரியாமல் குடித்தவர்கள் இருவர்: என் மனைவியும், இரண்டு தெரு தள்ளி இருக்கும் நண்பர் ஒருவரும். நண்பர் பத்தாண்டுகளாக இந்த வகை பியர்களைத் தன் வீட்டு நிலவறையில் சேர்த்து வைப்பவர். மூன்று டம்ளரில் இரண்டு அவர் நிலவறையிலிருந்து வந்தவை. "வைக்க வைக்கத்தான் ருசி, அண்ணே" என்பது அவர் கட்சி. என் மனைவிக்கு இதில் கட்சி எதுவும் கிடையாது. மூக்கு மட்டும் கூர்மை.

முதல் டம்ளரை மூக்கருகே கொண்டுபோனதுமே, "பழத்தைக் கையால நசுக்கின வாசனை" என்றாள். இரண்டாவதில் கொஞ்சம் நின்றாள். "பழம் இருக்கு. ஆனா பக்கத்து ரூம்ல இருக்கிற மாதிரி இருக்கு." மூன்றாவதை இரண்டு முறை முகர்ந்து, ஒரு வாய் குடித்து, டம்ளரைக் கீழே வைத்தாள். "இது வேற பியர்."

நண்பர் மூன்றாவதை நிதானமாகக் குடித்தார். முகம் மலர்ந்தது. "அண்ணே, இது கூஸ். பழமே போடாதது. நடுவுல ஒண்ணை மாத்தி வெச்சுட்டீங்க" என்றார். நான் பாட்டிலை எடுத்துக் காட்டியபோது நம்பவில்லை. தக்கையைக் கையில் வாங்கி, அதில் அச்சடித்திருந்த ஆண்டைப் படித்த பிறகுதான் நம்பினார்.

இந்த ஆய்வுக்கு அந்த ஒரு நிமிடம்தான் மையம். பத்தாண்டு பழகிய நாக்கு, ராஸ்பெரி பியரில் ராஸ்பெரியைக் காணவில்லை. ஆனால் அதே நாக்குக்கு அந்த பியர் பிடித்திருந்தது. இரண்டும் உண்மை. பழம் சேர்த்த புளிப்பு பியரை வைத்திருந்தால் ருசி கூடுமா என்று கேட்பவர்களுக்கு ஆமாம், இல்லை என்று இரண்டு பதிலும் கிடைப்பது இதனால்தான். பியரைப் பற்றிக் கேட்கிறோமா, பழத்தைப் பற்றிக் கேட்கிறோமா என்பதைப் பிரித்துக்கொள்ளாமல் பேசுகிறோம்.

பாட்டிலுக்கு முன்பே கழிந்த காலம்

இந்தக் கேள்விக்குப் பிரஸ்ஸல்ஸின் கான்டியோன் ப்ரூவரியை எடுத்துக்கொள்வது நல்லது. 1900இல் தொடங்கியது. தெற்கு ரயில் நிலையத்திலிருந்து நடந்துபோகும் தூரத்தில், ஆன்டர்லெக்ட் பகுதியில், வெளியிலிருந்து பார்த்தால் ஒரு பழைய கிடங்குபோல நிற்கும். 1978 முதல் அதுவே அருங்காட்சியகமும்கூட. யாரும் உள்ளே போய்ப் பார்க்கலாம். பழம் ஊறிய லாம்பிக்கை எதையும் சேர்த்து இனிப்பாக்காமல், பழைய முறையிலேயே விடாமல் செய்துவரும் இடங்களில் அதற்கு முதன்மையான பெயர் உண்டு.

வேலை குளிர்காலத்தில் நடக்கும். மூன்றில் இரண்டு பங்குக்குச் சற்றுக் குறைவாக மால்ட் செய்த பார்லி, மீதி முளைகட்டாத கோதுமை. ஹாப்ஸ் என்னும் கசப்புப் பூவைச் சேர்ப்பார்கள், ஆனால் இரண்டு மூன்று ஆண்டு கிடந்து கசப்பு போன ஹாப்ஸ். கெட்ட கிருமிகளை அடக்கும் குணம் அதில் மிஞ்சியிருக்கும், அதுதான் தேவை. கொதித்த கஷாயத்தைப் பரணில் இருக்கும் அகலமான, ஆழமில்லாத செம்புத் தொட்டியில் ஊற்றி ஓர் இரவு ஆறவிடுகிறார்கள். யாரும் ஈஸ்ட் போடுவதில்லை. காற்றிலும் மரத்திலும் இருப்பவை தாமாக வந்து சேர்கின்றன. இட்லி மாவுக்கு யாரும் ஈஸ்ட் போடாததுபோல என்று சொன்னால் நம் வீட்டில் உடனே புரியும்.

காலையில் அது ஓக் பீப்பாய்களுக்குப் போகிறது. அங்கே ஒருவர் பின் ஒருவராக ஆள் மாறுகிறார்கள். முதலில் குடல்வகைப் பாக்டீரியா, பிறகு வழக்கமான பியர் ஈஸ்ட், மாதங்கள் போனதும் புளிப்பைத் தரும் பெடியோகாக்கஸ், அதற்கும் பிறகு ப்ரெட்டனோமைசிஸ் என்னும் காட்டு ஈஸ்ட். இதில் ஒரு இனத்துக்கு ப்ரக்ஸெல்லென்சிஸ் என்று இந்த ஊரின் பெயரே இருக்கிறது. இது மெதுவாகத் தின்னும், மற்றவை விட்டுவைத்த சர்க்கரையையும் விடாது. பழைய தோல், வைக்கோல், ஈரச் சாக்கு என்று குடிப்பவர்கள் சொல்லும் வாசனை இதன் வேலை. ஓராண்டு, ஈராண்டு, மூன்றாண்டு லாம்பிக்கைக் கலந்து பாட்டிலில் அடைத்து, உள்ளேயே மறுபடி நொதிக்க விட்டால் அதுதான் கூஸ்.

பழ பியருக்கு வழி கொஞ்சம் வேறு. கோடையில் பழம் வந்ததும் முதிர்ந்த லாம்பிக்கில் அதைக் கொட்டுகிறார்கள். ஒரு லிட்டருக்குச் சுமார் 200 கிராம். அதாவது முக்கால் லிட்டருக்கு 150 கிராம் பழம். ராஸ்பெரி என்றால் ஒரு சின்னக் கிண்ணம் நிறைய. பழத்தின் தோலில் இருக்கும் ஈஸ்டும் பழச் சர்க்கரையும் சேர்ந்து பீப்பாய் மறுபடி கிளம்பிவிடும். பழ வாசனைக்குப் பழ ஈக்கள் வரும், அந்த ஈக்களுக்குச் சிலந்திகள் வரும். அங்கே சிலந்தி வலையைக் கலைப்பதில்லை. பூச்சி மருந்து அடிப்பதைவிடச் சிலந்தி நல்லது என்பது அவர்கள் கணக்கு. நான் அங்கே போனபோது பீப்பாய் அடுக்குகளுக்கு இடையே வலைகள் தூசி படிந்து தொங்கியதைப் பார்த்தேன். குழந்தைகளை அழைத்துவந்த ஒரு பெண் அதைக் காட்டி ஏதோ சொல்லிக்கொண்டிருந்தார்.

சில மாதம் ஊறிய பிறகு பழம் ஊறிய லாம்பிக்கோடு சுமார் மூன்றில் ஒரு பங்கு இளம் லாம்பிக்கைச் சேர்த்து அடைக்கிறார்கள். இளம் லாம்பிக்கில் மிஞ்சிய சர்க்கரை பாட்டிலுக்குள் வாயுவை உண்டாக்கும். லூ பெபே என்று தனி வரிசை ஒன்று அவர்களிடம் உண்டு. அதில் லிட்டருக்கு 300 கிராம் பழம். லாம்பிக் முழுவதும் இரண்டாண்டு வயது. வாயுவுக்கு இளம் லாம்பிக் இல்லாமல் சர்க்கரைப் பாகு சேர்ப்பார்கள்.

இவ்வளவு விளக்கமாகச் சொல்வதற்குக் காரணம் உண்டு. பாட்டில் கடைக்கு வரும்போது அதற்குள் இருக்கும் பியருக்கு ஏற்கெனவே பெரும்பாலும் இரண்டு வயது. பீப்பாயில் வைத்து முதிர்த்தவர்கள் அதை முதிர்த்தாகிவிட்டது. வாயுவுக்குச் சேர்த்த இளம் லாம்பிக்கை விட்டால், உள்ளே இளசாக இருப்பது பழம் ஒன்றுதான், போன கோடையின் பழம். வீட்டு நிலவறையில் நாம் முதிர்க்கப் போவது, முதிர்ந்த பியரை அல்ல. இளசாக இருக்கும் அந்தப் பழத்தைத்தான். கான்டியோன்காரர்களே தங்கள் செர்ரி பியரைப் பற்றிச் சொல்வதும் இதுதான்: இளசாகக் குடித்தால் பழம் முழுதாகக் கிடைக்கும், நாள் போனால் லாம்பிக்கின் சுவை மேலே வந்து பழத்தைப் பின்னால் தள்ளும். செய்பவர் வாயிலிருந்தே வரும் இந்த வார்த்தையைச் சேர்த்து வைப்பவர்கள் ஏன் காதில் வாங்குவதில்லை என்பது எனக்கு நெடுநாள் வருத்தம்.

ஒரு கையால் கொடுத்து மறு கையால் எடுக்கும் நொதி

ராஸ்பெரி ஏன் முதலில் போகிறது? அதன் மணத்தைத் தாங்குபவற்றில் முக்கியமானவை ராஸ்பெரி கீட்டோனும் அயனோன்களும். அயனோன் ஊதாப்பூ வாடை தரும் பொருள். மிகச் சிறிய அளவிலேயே மூக்குக்கு எட்டும். அதனால்தான் புதிய ராஸ்பெரி பியர் பாட்டிலைத் திறந்தவுடன் அறை மணக்கிறது. ஆனால் அளவு சிறிது என்பதால் கொஞ்சம் சிதைந்தாலும் இழப்பு பெரிது. தக்கை வழியாகவும் அடைக்கும்போதும் உள்ளே போகும் சிறிதளவு ஆக்ஸிஜனே இதற்குப் போதும். பிறகு மிஞ்சுவது விதையின் துவர்ப்பும், ஒருவித காய்ந்த ரோஜா வாடையும்.

நிறத்துக்கு நேர்வது இன்னும் கவனிக்க வேண்டியது. பழத்தின் சிவப்பு ஆந்தோசயனின் என்ற நிறமியால் வருகிறது. அந்த நிறமி ஒரு சர்க்கரை மூலக்கூறோடு கட்டுண்டிருக்கும்வரைதான் நிலையாக இருக்கும். பழத்தின் மணப்பொருள்கள் சிலவும் இதே மாதிரி சர்க்கரையோடு கட்டுண்டு, மணம் வெளிவராமல் உறங்கிக் கிடக்கின்றன. ப்ரெட்டனோமைசிஸ் வகைகள் சிலவற்றிடம் இந்தக் கட்டை அறுக்கும் நொதி உண்டு. மணப்பொருளின் கட்டை அறுத்தால் புதிய மணம் வெளிவருகிறது. நிறமியின் கட்டை அறுத்தால் நிறம் நிலைகுலைந்து வெளிறுகிறது. ஒரே நொதி ஒரு கையால் மணத்தைக் கொடுத்து, மறு கையால் நிறத்தை எடுக்கிறது. எங்கள் டம்ளர்களில் மிஞ்சியதைப் பிறகு கண்ணாடிக் கிளாஸில் ஊற்றிப் பார்த்தோம். எட்டு மாதத்தது மாதுளைச் சாறு. மூன்றாண்டு, ரோஜா இதழ் ஊறிய தண்ணீர். ஏழாண்டு, நீர்த்த தேநீருக்கும் செங்கல் தூளுக்கும் நடுவே ஒரு நிறம்.

செர்ரி வேறு கதை. க்ரீக் என்றால் இங்கே செர்ரி பியர். அதற்கென்றே பிரஸ்ஸல்ஸின் ஸ்கார்பேக் பகுதிப் பெயரைத் தாங்கிய சின்னக் கருஞ்செர்ரி ஒன்று உண்டு. புளிப்பும் மணமும் கூடியது, சதை குறைவு, கொட்டை பெரிது. இன்று அந்த மரங்கள் அரிது. தேவைக்குக் கிழக்கு ஐரோப்பாவிலிருந்தும் புளிப்புச் செர்ரி வருகிறது. செர்ரியைக் கொட்டையோடு முழுதாகப் போடுவது வழக்கம். கொட்டைக்குள் அமிக்டலின் இருக்கிறது. அது உடையும்போது பென்சால்டிஹைடு வருகிறது, அதாவது பாதாம் எசென்ஸின் மணம். பழச்சதையின் மணம் மங்க மங்க இந்தப் பாதாம் மணம் மேலே தெரிகிறது. கூடவே பட்டை, கிராம்பு போன்ற ஒரு காரச் சாயல். ஆக, செர்ரி பியரில் பழம் போன இடம் காலியாக இருப்பதில்லை. வேறொன்று வந்து உட்காருகிறது. பாட்டிலில் மூன்று நான்கு ஆண்டு வைத்த க்ரீக்கை விரும்புபவர்கள் சொல்வதில் நியாயம் இருக்கிறது என்று நான் ஒப்புக்கொள்வது இந்த இடத்தில்தான். லெம்பேக் ஊரின் போன் ப்ரூவரி தன் மேல்வகை க்ரீக்குக்கு லிட்டருக்கு 400 கிராம் செர்ரி போடுகிறது. அவ்வளவு பழம் போட்டால் அதற்கு உடம்பு இருக்கும், கொஞ்சம் காலத்தைத் தாங்கும்.

செர்ரியின் முக்கியப் புளிப்பு மாலிக் அமிலம், பச்சை ஆப்பிளைக் கடித்தால் பல் கூசுமே, அது. பாக்டீரியா அதை லாக்டிக் அமிலமாக மாற்றும்போது தயிர்ப் புளிப்பின் மென்மை வருகிறது. வைன் செய்பவர்கள் வேண்டுமென்றே செய்வதை இந்த பியர் தானாகச் செய்துகொள்கிறது. ஆனால் இதில் பெரும்பகுதி பீப்பாயிலேயே நடந்து முடிந்துவிடுகிறது என்பதை மறக்கக்கூடாது.

ஆப்ரிகாட் பற்றி நான் பட்டதைச் சொல்கிறேன். ஒரு ப்ரூவரியின் ஆப்ரிகாட் லாம்பிக் நான்கு பாட்டிலை, மகளின் பிறந்தநாள் ஒன்றுக்கென்று ஐந்தாண்டு வைத்திருந்தேன். அன்று திறந்தபோது நுரை இருந்தது, புளிப்பு இருந்தது, லேசான தேன் வாடை இருந்தது. ஆப்ரிகாட் இல்லை. அதைப் புதிதாகக் குடித்த நாளில் பழத்தோலின் மேலுள்ள மென்மயிர்கூட நாக்கில் பட்டதுபோல இருந்தது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. ப்ரூவரிமேல் குற்றமில்லை. அவர்கள் செய்துகொடுத்ததை நான் ஐந்தாண்டு தாமதமாக வாங்கிக்கொண்டேன். கான்டியோனின் ஆப்ரிகாட் பியரான ஃபூஃபூனை, கிடைத்த பருவத்திலேயே குடித்துவிட வேண்டும் என்று இங்கே பழகியவர்கள் சொல்வதன் பொருள் அன்றுதான் எனக்கு உறைத்தது.

வைப்பவர் கட்சியின் நியாயம்

நண்பர் சும்மா விடுபவர் அல்ல. "ஊர்ல அம்மா புதுப்புளியைக் கையால தொடமாட்டாங்க. குழம்புக்குப் பழம்புளிதான். புளிப்புன்னா காலம் ஆகணும்ணே" என்றார். நல்ல வாதம். நான் இரண்டு நாள் யோசித்தேன். புளியிடம் நாம் கேட்பது புளிப்பை. மணத்தைக் கேட்பதில்லை, மணம் குழம்பில் வேறு இடத்திலிருந்து வருகிறது. கருத்து, முதிர்ந்து, காரம் தணிந்த புளிப்பு கிடைத்தால் அதுவே போதும். கூஸ் பழம்புளியைப் போன்றது. அதைப் பத்தாண்டு, இருபதாண்டு வைக்கலாம். சில ப்ரூவரிகள் லேபிளில் அவ்வளவு நீண்ட தேதியையே அச்சிடுகின்றன. ராஸ்பெரி பியரிடம் நாம் கேட்பது ராஸ்பெரியை. அதைப் பழம்புளியாக்கினால் கிடைப்பது நல்ல புளி, அவ்வளவுதான். அந்தப் புளியைக் கூஸாகவே வாங்கியிருக்கலாம்.

ஆனால் அவர் சொல்வதில் ஒன்றை மறுக்க முடியாது: சில மாதம் காத்திருப்பது உண்மையிலேயே உதவும். அடைத்த புதிதில் இந்த பியர்கள் சிலவற்றில் ஒரு கோளாறு வரும். குடித்து விழுங்கிச் சில நொடி கழித்து, தொண்டையின் பின்னாலிருந்து எலிப்புழுக்கை கலந்த பழைய அவல் மாதிரி ஒரு வாடை ஏறும். டெட்ராஹைட்ரோபிரிடின் என்ற வகைப் பொருள் காரணம். பியரின் புளிப்பில் அது ஆவியாகாமல் அடங்கிக் கிடக்கும். எச்சிலோடு சேர்ந்து புளிப்பு குறைந்ததும் எழும். அதனால்தான் முகர்ந்தால் தெரிவதில்லை. அடைக்கும்போது கலந்த ஆக்ஸிஜன் இதைத் தூண்டுகிறது. பெரும்பாலும் சில மாதங்களில் பாட்டிலுக்குள் இருக்கும் ப்ரெட்டனோமைசிஸ் அதைச் சரிசெய்துவிடும். நல்ல ப்ரூவரிகள் இதற்காகவே அடைத்த பாட்டிலை உடனே வெளியே விடாமல் தங்களிடமே படுக்கவைக்கின்றன. நாம் வாங்கும்போது அந்தக் காத்திருப்பு முடிந்திருக்க வேண்டும். முடியவில்லை என்று நாக்கு சொன்னால், அதே சரக்கின் மற்ற பாட்டில்களை நான்கைந்து மாதம் விட்டுவைப்பது சரி.

நொதிக்கும்போது உண்டாகிப் பழ வாடை தரும் எஸ்டர்களைப் பற்றியும் ஒரு சொல். 1970களில் லூவன் பல்கலைக்கழகத்தில் லாம்பிக்கையும் கூஸையும் ஆராய்ந்தவர்கள், ப்ரெட்டனோமைசிஸ் வாழைப்பழ வாடை தரும் ஐசோஅமைல் அசிட்டேட்டை உடைத்துக் குறைக்கிறது என்றும், எதைல் லாக்டேட்டும் எதைல் அசிட்டேட்டும் இந்த பியர்களில் கூடுதலாக இருக்கின்றன என்றும் கண்டார்கள். இதை நாக்கின் மொழியில் சொன்னால்: பழக்கூடை வாடை குறைந்து, வைன் வாடை கூடும். இது பழம் போடாத பியருக்கு வரம். பழம் போட்டதற்கு இழப்பு.

இன்னொன்று, வைத்த பழ பியர் "புளிப்பு கூடிவிட்டது" என்று பலர் சொல்கிறார்கள். பாட்டில் ஒழுங்காக மூடியிருந்தால் அமிலம் அப்படிப் பெரிதாகக் கூடுவதில்லை. பழ மணம் மூக்கில் இருக்கும்போது மனது இனிப்பை எதிர்பார்க்கிறது. அந்த எதிர்பார்ப்பு புளிப்பை மெத்தையிட்டு வைக்கிறது. மணம் போனதும் அதே புளிப்பு வெறும் உடம்போடு நிற்கிறது. என் மனைவி இரண்டாம் டம்ளரை "மூணுலயும் இதுதான் புளிப்பு" என்றதை நான் இப்படித்தான் புரிந்துகொள்கிறேன். பழமும் பாதி போய், முதிர்ச்சியும் பாதிதான் வந்த வயது அது. மூன்றில் யாருக்கும் பிடிக்காமல் மிஞ்சியது அந்த டம்ளர்தான்.

சூடு

இதுவரை சொன்னதெல்லாம் 12, 13 பாகை செல்சியஸில் இருட்டில் கிடந்த பாட்டில்களைப் பற்றி. சூடு ஏறினால் கணக்கே வேறு. வெப்பம் பத்துப் பாகை கூடினால் இத்தகைய வேதிமாற்றங்கள் ஏறத்தாழ இரண்டு மடங்கு, சில சமயம் மூன்று மடங்கு வேகமாகும். அதன் எல்லையை இந்த ஊர் 2009 மே மாதம் பார்த்தது. பக்கத்துப் பேர்செல் ஊரின் த்ரீ ஃபொன்டெய்னன் என்னும் லாம்பிக் ப்ரூவரியின் கிடங்கில் வெப்பநிலைக் கட்டுப்பாட்டுக் கருவி பழுதாகி, சூடாக்கி நிற்காமல் ஓடி, உள்ளே 60 பாகையை எட்டியது. ஆயிரக்கணக்கான பாட்டில்கள் வெடித்தன. வெடிக்காதவை உள்ளேயே வெந்துபோயின. சுமார் 80,000 பாட்டில், பெரும்பாலும் கூஸ். அதை நடத்திய அர்மான் டெபெல்டர், வெந்த பியரை வாய்க்காலில் கொட்டாமல் காய்ச்சி வடித்துச் சாராயமாக்கி விற்றார். சில ஆண்டுகள் அவரால் சொந்தமாகக் காய்ச்ச முடியவில்லை. பிறகு மீண்டும் தொடங்கினார். 2022இல் காலமானார். லாம்பிக்கை நேசிக்கும் எவரும் அந்தக் கிடங்கை நினைத்தால் ஒரு கணம் பேச்சை நிறுத்துவார்கள்.

நம்மவர்கள் இங்கிருந்து இரண்டு பாட்டில் வாங்கி சென்னைக்கோ கொழும்புக்கோ கொண்டுபோய், ஷோகேஸில் நிற்கவைப்பதைப் பார்த்திருக்கிறேன். 32 பாகை அறையில் ஓராண்டு நின்ற ராஸ்பெரி பியர், இங்கே நிலவறையில் நாலைந்து ஆண்டு கிடந்ததற்குச் சமமாக வாடியிருக்கும். கொண்டுபோன வாரமே குளிரவைத்துத் திறந்துவிடுங்கள்.

கேனில் வரும் புதுவகைப் பழப் புளிப்பு பியர்களை இந்த விவாதத்தில் சேர்க்கவே வேண்டாம். லாக்டோபேசிலஸ் பாக்டீரியாவால் ஓரிரு நாளில் புளிக்கவைத்து, கொதிக்கவிட்டு, சாதா ஈஸ்டால் நொதித்து, பழக்கூழ் சேர்ப்பவை அவை. நுழையும் ஆக்ஸிஜனைத் தின்ன அவற்றில் ப்ரெட்டனோமைசிஸ் இல்லை. மாதங்களில் பழம் ஜாம் வாடையாகும், அப்புறம் ஈர அட்டை வாடை. நொதிக்காத கூழ் உள்ளே இருந்தால், வெளியே வைத்த கேன் உப்பி வெடிக்கவும் செய்யும். ஃபிரிட்ஜில் வைத்து உடனே குடிப்பது தவிர வேறு வழியில்லை.

எங்கள் மேசையின் குறைகள்

மூன்று பாட்டிலை வைத்துத் தீர்ப்பு எழுதவில்லை. மூன்றும் மூன்று கோடையின் பழம். மழை கூடிய ஆண்டின் ராஸ்பெரி தண்ணீராக இருக்கும், வெயில் ஆண்டின் ராஸ்பெரி இறுகி மணக்கும். ஏழாண்டுப் பாட்டில் புதிதாக இருந்தபோதே மற்றவற்றைவிட மெலிந்ததாக இருந்திருக்கலாம். ஒரே சரக்கை வாங்கி, பாதியை அன்றே குடித்து எழுதிவைத்து, மீதியை ஆண்டுக்கொன்றாகத் திறந்தால்தான் முறை. ஆனாலும் நாங்கள் கண்டது, பழத்தின் வேதியியலோடும், செய்பவர்கள் சொல்வதோடும், இந்த ஊர்க் குடிகாரர்களின் பழக்கத்தோடும் ஒத்துப்போகிறது. அதனால் என் முடிவைத் தயங்காமல் சொல்கிறேன். ராஸ்பெரியும் ஆப்ரிகாட்டும் வாங்கிய ஆண்டிலேயே. செர்ரியில் ஒன்றை இப்போது, பிடித்திருந்தால் இன்னொன்றை மூன்றாண்டுக்குள், அதுவும் பாதாமுக்காக. நிலவறையின் இடம் கூஸுக்கு.

நண்பர் அன்று மாலை தன் நிலவறைக்கு என்னையும் அழைத்துப் போனார். குனிந்துதான் நுழைய முடியும். பாட்டில்கள் செங்கல் அலமாரியில் படுத்திருந்தன. டார்ச் அடித்து ஒவ்வொரு லேபிளாகப் பார்த்து, பழம் போட்டதை எல்லாம் தனியே எடுத்தார். பதினொன்று வந்தது. கூஸ் நாற்பதுக்கு மேல் அப்படியே கிடந்தது. இரண்டு க்ரீக்கைக் கையில் வைத்து வெகுநேரம் யோசித்து, ஒன்றை மட்டும் திரும்பப் படுக்கவைத்தார். மற்ற பத்தையும் ஒரு பிளாஸ்டிக் கூடையில் அடுக்கி, மாடிப்படியில் நான் முன்னால் பிடிக்க, அவர் பின்னால் பிடிக்க, மேலே கொண்டுவந்தோம். அடுத்த ஞாயிறு யார் வீட்டில் என்று படியில் வைத்தே பேசிக்கொண்டோம்.